பெயர் மட்டும் மாறிய வழக்கு

சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அப்பா கட்டைவிரல் நகத்தைச் சுரண்டுவார். பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது என்பார். ஓய்வு பெற்ற பிறகும் சுரண்டினார். நகத்தில் ஒன்றும் இருக்காது. மகளுக்கு அது தெரியும்.

சட்டத்துறை நூலகத்தில் அவர் கடைநிலை ஊழியர். புது மாநிலம் பிறந்ததும் புதுச் சட்டங்கள் வருமென்று ஊரே நம்பியது. வந்ததோ மூட்டை மூட்டையாய் அச்சடித்த துண்டுச் சீட்டுகள். சட்டப் புத்தகங்களில் பழைய மாநிலத்தின் பெயர் வரும் இடத்திலெல்லாம் புதுப் பெயரை ஒட்ட வேண்டும். மற்றபடி ஒரு வரி மாறவில்லை.

அந்த மாநிலம் வேண்டுமென்று தண்டவாளத்தில் பாறாங்கல்லை உருட்டி ரயிலை நிறுத்தியவர் அப்பா. மாட்டிக்கொண்டது கூடப் போன சித்தப்பா. அண்ணன் அரசாங்க வேலைக்காரன், பிள்ளைகுட்டிக்காரன் என்று அவர் வாயே திறக்கவில்லை. மாநிலம் கிடைத்ததும் கேஸும் செத்தது என்று நினைத்து, சம்மனைக் கிழித்துப் போட்டுவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்தார். போலீஸ் வந்தது. அதே வழக்கு, அதே பிரிவு. தொடுத்திருப்பது மட்டும் புது மாநிலம்.

ஜாமீனில் வந்த சித்தப்பா சிரித்தார். "பாத்தியாண்ணே, நாம பெத்த புள்ளையே நம்ம மேல கேஸ் போடுது. நீதான ஒட்டுற? அந்தப் பக்கத்த மட்டும் ஒட்டாம விட்டிருக்கக் கூடாதா?"

"ஒட்டாட்டியும் செல்லும்டா. பழைய சட்டம் எல்லாம் அப்படியே தொடரும்னு உத்தரவு."

"அப்ப கோர்ட்டுக்கு வா. கல்லை உருட்டினது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லு."

அப்பா நகத்தைப் பார்த்தார். "வரேன்டா."

விசாரணை அன்று அவர் நூலகத்தில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்தவருக்கு லாரியில் மூட்டை ஏற்றும் வேலைதான் கிடைத்தது. போராட்டத் தியாகிகளுக்குப் புது அரசு சால்வை போர்த்தியபோது அவரைக் கூப்பிடவில்லை. தண்டனை பெற்றவருக்குத் தகுதி இல்லையாம்.

அப்பாவின் வேலை நிலைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் மகள் படித்தாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அம்மா ஒருநாள் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, அது யாருடைய பட்டம் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் அப்பாவிடம் கேட்கவில்லை. அவள் மட்டும் என்ன யோக்கியம்?

அப்பாவை எரித்துவிட்டு வந்த அன்று சித்தப்பாவிடம் கேட்டாள். "அதுக்கப்புறம் நீங்க ஏன் சித்தப்பா அவர்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

சித்தப்பா தோளில் கிடந்த துண்டை உதறினார்.

"ஒரு தடவதான் கேட்டேன். வரேன்னாரு. இன்னும் வரல."