சோறு வரட்டும் என்று காத்திருந்தோம்

எழுபதுகளின் தொடக்கம். ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் நகரம். என் கணவர் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். நாகர்கோவிலிலிருந்து நானும் ஐந்து வயது மகளும் போய்ச் சேர்ந்து ஒரு கோடைதான் கழிந்திருக்கும். அதற்குள் எனக்கு அந்த ஊர் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்றாவது மாடி வீடு. கணவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் மரியாதையாக ஒரு வணக்கம் சொல்வார்கள், அத்தோடு கதவைச் சாத்திக்கொள்வார்கள். நானோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் மாமியார் கதை வரைக்கும் கேட்டுவிட்டு இறங்குகிற ரகம். பேச ஆளில்லாவிட்டால் எனக்குச் சாப்பாடே இறங்காது. "என்னால முடியாதுங்க, பிள்ளையைக் கூட்டிட்டு ஊருக்குப் போறேன்" என்று ஒருநாள் அழுதுவிட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். கிறிஸ்துமஸுக்கு முன் நானும் மகளும் கிளம்புவது, அவர் தனியாக இருப்பது என்று முடிவாயிற்று.

இதைக் கேள்விப்பட்டு, அவரோடு வேலை பார்த்த ஜப்பானியர் ஒருவர் எங்களை வழியனுப்பும் விருந்துக்கு அழைத்தார். அவர் மனைவி, ஜப்பானிலிருந்து வந்துபோகும் கம்பெனி ஆட்கள் தங்குவதற்காக ஒரு சின்ன விடுதி நடத்திவந்தார். வெளியே பார்த்தால் சாதாரண ஜெர்மன் வீடு. உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்த அறைக்குள் போனதும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. தரையில் உட்கார்ந்து எவ்வளவு காலமாகியிருந்தது!

ஆளுக்கொரு குட்டை மேசை. அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மண்டியிட்டு அமர்ந்து, பூப்போட்ட ஒரு கிண்ணத்தை என் முன் வைத்து, சாப்பிடுங்கள் என்று கையைக் காட்டினார். நான் சிரித்தேன். சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் வழக்கம் அப்படி. தொடுகறி எல்லாம் வைத்து முடிய வேண்டும், சோறு விழ வேண்டும், அப்புறம் ஜெபம். ஜெபம் முடிந்த பிறகுதான் கை வாய்க்குப் போகும். சோற்றுக்கு முன்னே தொடுகறியில் கை வைப்பவனைப் பந்தியில் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தெளிந்த சூப் வந்தது. அடுத்து பச்சை மீன், இதழ் இதழாக நறுக்கியது. மீன் தின்று வளர்ந்தவள்தான் நான், ஆனாலும் அடுப்பையே பார்க்காத மீனை அன்றுதான் பார்த்தேன். சரி, குழம்பு பின்னால் வரும்போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு சுட்ட மீன், வெந்த முள்ளங்கி, ஆவியில் வேகவைத்த முட்டை. மேசையில் இடமில்லை. விருந்தாளி தொடாமல் தான் தொடக்கூடாது என்று அந்த ஜப்பானியரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்மூர்க் கல்யாணத்துலகூட இத்தனை தொடுகறி கிடையாது" என்று கணவரின் காதில் சொன்னேன்.

"சும்மா இரு, சோறு வரட்டும்" என்றார்.

"சோறு எப்பம்மா வரும்?" என்று மகள் சிணுங்கினாள்.

"பொறு மக்களே" என்று அவள் தலையைத் தடவினேன்.

பந்திக்கு முந்து என்று சொல்லிக்கொடுத்த ஊர்க்காரர்கள் பந்தியில் உட்கார்ந்தே பட்டினி கிடந்தோம்.

ஒவ்வொரு முறை வரும்போதும் அந்த அம்மா நிறைந்திருந்த கிண்ணங்களைப் பார்த்தார். சிரிப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நன்றாக இல்லையா?" என்று கேட்டார். என் ஜெர்மனைப் போலவே அவருடையதும் நொண்டி ஜெர்மன்.

அடுப்பில் மூடியிருந்த பானையைக் காட்டி, "சோறு?" என்றேன்.

"அது கடைசியில்தானே" என்றார். எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர்களுக்குச் சோறு. சோறு வந்தால் விருந்து முடிந்தது என்று பொருளாம். நாங்கள் ஒன்றையும் தொடாததால் அவர் சோற்றைக் கொண்டுவரவில்லை. சோறு வராததால் நாங்கள் ஒன்றையும் தொடவில்லை.

"எங்களுக்கு அதுதான் ஆரம்பம்" என்று பாதி வாயாலும் பாதி கையாலும் சொன்னேன். அவர் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து சிரித்தோம் பாருங்கள், வயிறு வலித்துவிட்டது. அந்தச் சிரிப்பு எப்போது என் அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பானையை அப்படியே தூக்கி வந்து அறை நடுவில் வைத்தார். கணவர் ஜெபம் செய்தார். எல்லாம் ஆறிப்போயிருந்தது. ஒன்று விடாமல் சாப்பிட்டோம், பச்சை மீன் உட்பட. அந்த நாட்டில் நான் முதல்முறையாக வயிறார உண்டது அன்றுதான்.

பாத்திரம் கழுவும்போது அவர் சொன்னார், வந்த புதிதில் தானும் இரண்டு முறை பெட்டி கட்டிப் பிரித்தாராம். அதற்கு மேல் புத்தி எதுவும் சொல்லவில்லை. "வியாழக்கிழமை வருகிறீர்களா? முள்ளங்கி நறுக்க ஆள் வேண்டும்" என்றார். வருகிறேன் என்றேன்.

டிராமில் திரும்பும்போது, முள்ளங்கி நறுக்கப் போவதைச் சொன்னேன். தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டபடி கணவர் கேட்டார்: "வியாழக்கிழமை பெட்டி கட்டணும்னு சொன்னியே?"

"கட்டலாம், கட்டலாம். இப்ப என்ன அவசரம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் அவர் கண்ணைத் துடைப்பது எனக்குத் தெரிந்தது.

பிறகு பல வருடங்கள் அங்கேயே இருந்தோம். சோறு வரட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் என் முன்னால் எத்தனை கிண்ணங்கள் ஆறிப்போயினவோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். இப்போதெல்லாம் ஜெபத்தை முன்கூட்டியே முடித்துவிட்டு, எது முதலில் வருகிறதோ அதிலேயே கையை வைத்துவிடுகிறேன்.