அண்ணன் ட்யூன் செய்த கிட்டார்கள்

இப்போது எங்கள் சபையில் அவரவர் கிட்டாரை அவரவரே ட்யூன் செய்துகொள்கிறார்கள். செல்போனில் பார்த்து, ஒரு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பழைய தாமதம்தான் பிடித்திருந்தது.

அப்போது மேனாம்பேட்டில் எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஆலயம். ஆராதனைக்கு முன்னால் யாரும் தன் கிட்டாரைத் தானே முறுக்கக் கூடாது, எல்லாவற்றையும் என் அண்ணன்தான் செய்வான். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, வழக்கமாகிவிட்டது. ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக வாங்குவான். என் பேஸ் கிட்டார் கடைசியில் போகும். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த உலக்கை என்று பெரியம்மாக்கள் சிரிப்பார்கள். அதை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவன்தான், அதனால் அந்தக் கேலி அவன் காதில் விழாது.

அவனுக்கு அளவு, அண்ணனூர் ஷெட்டுக்குப் போகிற மின்சார ரயிலின் ஹார்ன். அது எந்தச் சுருதியில் கத்துகிறது என்று சின்ன வயதிலேயே பிடித்து வைத்திருந்தான். ரயில் போனதும் தொண்டைக்குள் முனகிக்கொண்டே முதல் கம்பியை முறுக்குவான். பிறகு புது ரயில் வந்தது, ஹார்னும் மாறியது. அண்ணன் கவனிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கிட்டாரின் சுருதியையும் ஏற்றிவிட்டான். நாங்கள் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். போதகர் ஐயர் முதல் சரணத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அண்ணன் அசரவே இல்லை, கீபோர்டில்தான் பழுது என்றான். பாவம், கீபோர்டு வாசித்தவர் அதைப் பூந்தமல்லி வரை தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

அதன் பிறகுதான் நான் கிளிப் ட்யூனர் வாங்கினேன். கிட்டாரின் தலையில் கவ்வ வைத்துக் கம்பியைத் தட்டினால் முள் ஆடும், சரியான இடத்துக்கு வந்ததும் பச்சை விளக்கு எரியும். அண்ணன் அதைத் துணி காயப்போடும் கிளிப் என்று கேலி செய்தான். நான் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அவனுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் வேலை. நாள் பூராவும் இடிச் சத்தம். வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது. எதைச் சொன்னாலும் "இன்னா?" என்று இரண்டாவது தடவை கேட்டான். காது மந்தம் என்று நாங்களும் கிண்டல் செய்தோம். பிறகு அவன் ட்யூன் செய்து தந்த கிட்டார்களில் மெல்லிய கம்பிகள் இறங்கி ஒலிக்க ஆரம்பித்தன. கிண்டல் அன்றோடு நின்றது.

அவனிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஸ்டூலை அவனிடமிருந்து பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. கிட்டாரை வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல ஆலயத்தின் பின்பக்கம் போய், செல்போனில் பார்த்துச் சரிசெய்துகொண்டு வருவோம். பல மாதம் இப்படியே ஓடியது. கிட்டாரோடு போய்த் தண்ணீர் குடிக்கிற கூட்டம் எங்கள் சபையில் மட்டும்தான் இருந்திருக்கும்.

ஒரு ஞாயிறு அவனுக்கே தாகம் எடுத்துப் பின்பக்கம் வந்துவிட்டான். வரிசையாகக் கிட்டாரோடு நின்ற எங்களைப் பார்த்தான். என் பேஸ் கிட்டாரின் தலையில் கிளிப் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். இனி சபைக்கே வரமாட்டான் என்று அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"அந்த கிளிப்ப குடு பாப்பா," என்று கையை நீட்டினான்.

கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, முள்ளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கம்பியாகத் திருகினான். ஆராதனை தாமதமானது. ஐயர் மணியைப் பார்க்காமல் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் என் கிட்டார். நான்கு கம்பிக்கும் பச்சை வந்த பிறகும் அதை அவன் என்னிடம் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு தடவை தட்டினான்.

"சரியா இருக்குதா பாப்பா?"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் என்னிடம் அதைக் கேட்டான். நான் தலையை ஆட்டினேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.