ஒரு ஜோடிக்கு மட்டும் பாஸ்

இரண்டு ஊசிகள் ஒரே துளைக்குள் எதிரெதிராக நுழைந்து வெளியே வந்தன. மெழுகு பூசிய நூலை இரண்டு கைகளும் ஒரே வலுவோடு விரித்து இழுத்தன. நூல் அறுக்காமல் இருக்க, சுண்டுவிரல்களின் ஓரம் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. மடியில் இடுக்கிய கால் வடிவ அச்சின் மேல் பழுப்புத் தோல் கொசுவம் கொசுவமாகச் சுருங்கி, ஷூவின் மூக்காகிக்கொண்டு வந்தது. கடைசி முடிச்சு விழுந்த பிறகுதான் கைகள் நின்றன.

பாக்கியமேரி அதை, முதலில் தைத்து முடித்திருந்த இடது காலின் பக்கத்தில் வைத்தாள். எழுந்து நின்று பார்த்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தாள். வலது காலின் மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஷூ கம்பெனியில் கையால் தைக்கும் பிரிவில் ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர். ஒருத்தி இடது கால், ஒருத்தி வலது கால். பாக்கியமேரி சேர்ந்த நாள் முதல் இடது காலே தைத்தவள். தையலைக் கட்டைவிரல் பக்கம் தொடங்கி, சுண்டுவிரல் பக்கம் முடிக்க வேண்டும். இடது காலில் கட்டைவிரல் எந்தப் பக்கம் வருமோ, அந்தப் பக்கமே அவள் கை இன்றைக்கும் போய்த் தொடங்கிவிட்டது. வலது காலில் அது சுண்டுவிரல் பக்கம். தோல் தலைகீழாக இழுபட்டுவிட்டது.

"இம்மாத்தூண்டு கோணல் யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் அவள் கணவன் ஆல்வின், கட்டிலில் படுத்தபடியே. சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவனுக்குக் கட்டில்தான். "மினிஸ்டரு இன்னா, கால்ல மாட்டிக்கினு நடந்து பாக்கப்போறாரா?"

"அவுரு பாக்க மாட்டாரு. வெளிநாட்டுல வாங்குறவன் பாப்பான். போட்டோ எடுத்து அவனுக்கும் அனுப்பப்போறாங்களாம்."

வீட்டில் சம்பளம் என்று வந்தது அவளுடையது மட்டும்தான். அதுவும் நின்று போயிருந்தது.

நின்றதற்குக் காரணம் கம்பெனி அல்ல. கம்பெனி இருக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று ஒரு வாரியம் உண்டு. உள்ளே இருக்கும் கம்பெனிகளின் அனுமதியைப் புதுப்பித்துக் கொடுப்பது அதுதான். உறுப்பினர்கள் பலருக்குப் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அந்த இடங்களுக்கு அரசாங்கம் ஆள் போடவில்லை. மிச்சமிருப்பவர்களை வைத்துக் கூட்டம் நடத்த விதியில் வழியில்லை. கூட்டம் இல்லாததால் கையால் தைக்கும் பிரிவின் அனுமதி காலாவதியாகிக் கிடந்தது. வெளிநாட்டில் வாங்குகிறவன் மாதக் கடைசி வரை பொறுப்பதாகவும், பிறகு ஆர்டரை வேறு மாநிலத்துக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தான்.

தொழில் அமைப்புகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து, காலி இடங்களை நிரப்பச் சொல்லி நாளைக்குச் சென்னையில் அமைச்சரைப் பார்க்கப்போகின்றன. ஒவ்வொரு கம்பெனியும் தன் பொருள் ஒன்றை மேசைமேல் வைக்கும். நின்றுபோன வேலை இன்னதென்று அவர் கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காக. சூப்பர்வைசர் ராஜாராம் நேற்று தோலையும் அச்சையும் பையில் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"மேரிம்மா, கேட்டுல ஒரு ஜோடிக்கு மட்டுந்தான் பாஸ் குடுத்தானுங்க. பாயாப் பூட்சின்னா வேற தோலு கெடையாது. நாளைக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிறேன். ராவோட ராவா அடி ஒட்டிரணும்."

துளைகள் ஒரு இழுப்பைத் தாங்கிவிட்டன. பிரித்துத் தைத்தால் இன்னொன்றையும் தாங்கும். மூன்றாவதற்குக் கிழியும். தன் கையை நம்பி அந்த இரண்டாவது இழுப்பைத் தொட பாக்கியமேரிக்குத் தைரியம் வரவில்லை. வலது கால் தைக்கத் தெரிந்தவள் சுகிர்தா, அவளுடைய பெஞ்சுக்காரி. இந்தக் கம்பெனி இனித் தேறாது என்று சொல்லி நின்றுவிட்டவள். நிற்கும்போது சண்டை. அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

உத்திரமேரூர் பஜாரில் உபைதுல்லாவின் ஜவுளிக்கடையில் சுகிர்தா புடவை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், கை மட்டும் நிற்கவில்லை.

"இன்னாக்கா, பொடவ எடுக்கவா?"

பாக்கியமேரி வலது காலை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"எவ தச்சா இத? மூஞ்சியத் திருப்பிக்கினு அம்மா வூட்டுக்குப் போற மருமவ மாரி கீது."

"நாந்தான்."

"அதான பாத்தேன். 'ஓடுறவ ஓடு'ன்னு சொன்ன வாயி எங்கக்கா?"

"இந்த வாயிதான். இன்னும் நல்லாத் திட்டு. தச்சிக்கினே திட்டு. சாயங்காலம் குடுக்கணும்டி."

கல்லாவிலிருந்து உபைதுல்லா எட்டிப் பார்த்தார். "அம்மா, பட்டு எடுக்குற எடத்துல தோலு நாத்தம் வந்தா கிராக்கி எழுந்து பூடும். இன்னா பேஜாரு இது?"

பாக்கியமேரி சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"ஆளு போடுறதுக்கா இவ்ளோ ரோதன? நம்ம ஊரு கல்வெட்டுல கீற மாரி, கொடத்துல ஓலையப் போட்டு எடுத்தா முடிஞ்சி போச்சி."

"எங்க பேரையும் எய்திப் போடுங்க பாய். போயிக் குந்திக்கிறோம்" என்றாள் சுகிர்தா.

"மொதல்ல பின்னாடி குடோன்ல போயிக் குந்து. கிராக்கி வந்தா கூப்புடுவேன்."

சுகிர்தா பழைய தையலை நுனிக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தாள். துளைகள் வாய் பிளந்திருந்தன. புடவை மடித்து மடித்து அவள் விரல் தோல் மென்மையாகியிருந்தது. இரண்டாவது இழுப்பிலேயே நூல் பதிந்து சிவந்தது. பாக்கியமேரி தன் பையிலிருந்த டியூப் துண்டை அவள் விரலில் சுற்றிவிட்டு, அச்சு அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

தையல் கட்டைவிரல் பக்கம் தொடங்கியது. மூக்கின் வளைவு வந்தபோது ஒரு துளையின் ஓரம் மெல்லக் கீறிக்கொண்டு நகர்ந்தது.

"ஐயோ ஏசுவே!"

"கத்தாதக்கா, அச்சப் புடி."

சுகிர்தா மூச்சை அடக்கி நூலைத் தளர்த்தினாள். அடுத்த இரண்டு துளைகளில் இழுப்பைப் பாதியாகக் குறைத்தாள். கீறல் அதோடு நின்றது. வெளியே கடையில் யாரோ பார்டர் சின்னதாக வேண்டும் என்று கேட்டார்கள். உபைதுல்லா கூப்பிடவில்லை, தானே எழுந்து எடுத்துக் காட்டினார்.

முடிச்சுப் போட்டதும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூக்கு நேராக இருந்தது. வலதில் ஒரு கொசுவம் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது.

"அது அப்டித்தான்க்கா வரும். இன்னொரு வாட்டி தொட்டா பிஞ்சிக்கும்."

"போதும்டி."

"ஆளு போட்டாங்கன்னா எனுக்கும் சொல்லி அனுப்பு" என்றாள் சுகிர்தா, விரலை வாயில் வைத்துக்கொண்டு. பாக்கியமேரி தலையாட்டினாள்.

பஸ் ஸ்டாண்டில் ராஜாராம் வண்டியிலிருந்து இறங்காமலே நின்றிருந்தார். இரண்டையும் வாங்கி மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தார். தடித்த கொசுவத்தின் மேல் அவர் கட்டைவிரல் போய் நின்றது. பாக்கியமேரி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் நீதானா?"

"எடது நானு. வலது சுகிர்தா."

"அவ இப்ப நம்ம ஆளே இல்லியேம்மா."

"அவ இல்லாம ஜோடி வராது சார். நாளைக்கிப் போடுவாங்களா, ஆளு?"

"கேக்கப் போறோம். ஆறு மாசமாக் கேட்டுக்கினுதான் கீறோம்" என்றார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

பையின் வாயைப் பிரித்துப் பிடித்தார். பாக்கியமேரி இரண்டையும் அவரிடமிருந்து திரும்ப வாங்கி, முந்தானையால் ஒருமுறை துடைத்து, மூக்கு நசுங்காமல் ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பி உள்ளே வைத்துக் கொடுத்தாள்.