மூடி போட்ட ராட்டினம்

மலைத் திருவிழாவுக்கு வருடா வருடம் வரும் பெரிய ராட்டினத்தை மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டேன். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். நல்ல மோட்டார் ஒன்று சத்தமில்லாமல் ஓடினால் சாப்பாட்டைக்கூட மறந்து நின்று பார்ப்பேன். இன்று அந்த ராட்டினத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் பாதி பாரமாவது இறங்கியிருக்கும்.

பழைய ராட்டினம் டீசல் இன்ஜினில் ஓடியது. பெட்டிகள் திறந்த பெட்டிகள். இடுப்புக்குக் குறுக்கே ஒரு கம்பி, அந்தக் கம்பியை மாட்ட ஒரு கொக்கி. பாதுகாப்பு என்று சொன்னால் அவ்வளவுதான். எதிரெதிர்ப் பெட்டிகளில் பாரம் சரியாக இல்லாவிட்டால் இன்ஜின் திணறி நின்றுவிடும். அதனால் ராட்டினக்காரர் ஆளைப் பார்த்ததுமே கண்ணால் எடை போட்டுவிடுவார். எதிர்ப்பக்கத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால், சந்தைக்கு வந்த சாமை மூட்டை ஒன்றைக் கேட்டு வாங்கித் தூக்கி வைப்பார். ராட்டினம் ஏறி இறங்கிய சாமை நன்றாக முளைக்கிறது என்று மலையில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அதன் பிறகு கொஞ்ச காலம் மனிதர்களைவிட மூட்டைகளுக்குத்தான் அங்கே மவுசு அதிகம். விதைச் சாமையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கிண்டல் செய்தால் என் மனைவிக்குக் கோபம் வந்துவிடும். "மொளைக்குதா இல்லியான்னு நீ போய்ப் பாத்தியா?" என்பாள். மலைக்காரர்களுக்கு எல்லாரும் 'நீ'தான். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் 'நீ'தான். கட்டிய புருஷனுக்கு மட்டும் தனி மரியாதை எங்கிருந்து வரும்?

அவள் மலையில் பிறந்தவள். நான் கீழே கண்ணமங்கலத்துக்காரன். அவள் ஊருக்குப் பம்புசெட் சரி செய்யப் போய், கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அவள் ஊரில் ஒரு கட்டு உண்டு. வெளியில் கட்டிக்கொண்ட பெண் ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. ஊரார் யாரும் அவளோடு பேசக் கூடாது. பேசினால் பேசியவருக்கும் அதே கதிதான். ஆனால் என்னோடு பேசலாம். நான் வெளியாள், உள்ளே இருந்தால்தானே என்னைத் தள்ளிவைக்க. திருவிழாவில் அவள் ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்தால் டீ வாங்கித் தருவார்கள். பக்கத்தில் நிற்கும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த டீயை நான் எத்தனை முறை கீழே கொட்டியிருக்கிறேன். அவள்தான் என்னை அதட்டுவாள், "அவங்கள ஒண்ணும் சொல்லாத" என்று.

அவள் அண்ணன் போனை எடுக்க மாட்டான். அம்மாவிடம் போன் கிடையாது. முதல் வருடங்களில் அம்மா சந்தைக்கு வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். பிறகு முட்டி போய்விட்டது. ஓடையில் இறங்கி ஏற முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டார்.

அந்த வீடு திருவிழா நடக்கும் மைதானத்துக்கு நேர் எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் இருக்கிறது. தரையிலிருந்து பார்த்தால் புளியந்தோப்பு மறைத்துவிடும். மரத்தில் ஏறிப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். தோப்பு அந்த ஊருடையது. அதற்குள் கால் வைத்தால் ஊருக்குள் வைத்த மாதிரிதான். ஒரு வருடம் சும்மா ராட்டினம் ஏறியவள் உச்சியில் போனதும் கத்தினாள். இறங்கியபோது அழுதுகொண்டிருந்தாள். தோப்புக்கு மேலே அவள் வீட்டு வாசல் தெரிந்திருக்கிறது. வாசலில் அவள் அம்மா எதையோ புடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றே அந்த ஊர்ப் பெண் ஒருத்தியிடம் நான் சொல்லி அனுப்பினேன். புளி விற்க வரும் பெண் அவள். அதிலிருந்து வருடா வருடம் திருவிழாவின் இரண்டாம் நாள், வெயில் அந்தச் சரிவில் விழும் நேரத்தில், அம்மா வாசலுக்கு வந்து வெள்ளைத் துண்டு ஒன்றை ஆட்டுவார். இவள் உச்சியில் எழுந்து நின்று முந்தானையை விரித்துப் பிடிப்பாள். ராட்டினக்காரருக்கும் விஷயம் தெரியும். இவள் பெட்டி மேலே போனதும் இன்ஜினை அடக்கி, பெல்ட்டைச் சரி செய்வது போல் கொஞ்ச நேரம் பாசாங்கு செய்வார். ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும். காலுக்கும் வாய்க்கும்தான் கட்டு போட்டார்கள், கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. தாயும் மகளும் இத்தனை வருடம் இப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள்.

எதிர்ப்பெட்டிப் பாரம் நான்தான். அவள் உச்சியில் நின்றால் நான் தரையில் உட்கார்ந்திருப்பேன். என் முறை மேலே வரும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன், எனக்கு உயரம் ஆகாது. அதனால் சந்தைக்கு வருவது நின்ற பிறகு என் மாமியாரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கீழேயிருந்து அண்ணாந்தால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டியின் அடிப்பலகையும், காற்றில் படபடக்கும் முந்தானையும்தான். ஒரு வருடம் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே கொக்கி கழன்று கம்பி தொங்கியது. கீழே இறங்கியதும் நான் போட்ட சத்தத்தில் பஜ்ஜிக் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். அவள் காதில் அது விழவே இல்லை. "அம்மா எளச்சிடுச்சு" என்றாள், அவ்வளவுதான்.

வேறு எங்கோ ஒரு திருவிழாவில் ஒரு பெண் ராட்டினத்திலிருந்து விழுந்துவிட்டாள். அதன் பிறகு சட்டம் இறுகியது. அடுத்த வருடம் நாங்கள் போனபோது பழைய ராட்டினம் இல்லை. ராட்டினக்காரர் அதே ஆள்தான், ராட்டினம் மட்டும் புதிது. ஃபைபர் பெட்டிகள், மேலே கூரை, சுற்றிலும் கறுப்பு பிளாஸ்டிக் கண்ணாடி. கதவை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள். கதவு சரியாகப் பூட்டவில்லை என்றால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. நான் குனிந்து, நிமிர்ந்து, எல்லாவற்றையும் பார்த்தேன். குலுக்கல் இல்லாமல் கிளம்புகிறது, குலுக்கல் இல்லாமல் நிற்கிறது. எதிர்ப்பாரமும் தேவையில்லை. "இனிமே ரெண்டு பேரும் ஒண்ணாவே குந்திக்கலாங்க" என்றார் ராட்டினக்காரர், பெருமையாக. அவள்கூடச் சிரித்தாள். முன்பைவிட உயரம், முன்பைவிட நன்றாகத் தெரியும் என்று அவளுக்கும் ஆசை. உள்ளேயிருந்து பார்க்கிறவர்களாகவே நாங்கள் எல்லாரும் யோசித்தோம். வாசலில் நின்று பார்க்கிறவர் ஒருவர் இருப்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நன்றாகத்தான் தெரிந்தது. முதல்முறையாகக் கண்ணை மூடாமல் உச்சிக்குப் போனேன். கண்ணாடிக்குள் இருந்ததால் பயம் குறைவு. ஓடை, தோப்பு, தோப்புக்கு மேலே ஓட்டு வீடு. வாசலில் ஒரு சின்ன உருவம். "அதோ பார், அம்மா" என்று என் தொடையில் அடித்தாள். பார்த்தேன். ஒரு காலத்தில் எனக்கு மோர் கொடுத்த மனுஷி, பாதியாகக் குறுகி, ஒரு கையால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் வெள்ளைத் துண்டோடு நின்றிருந்தார். இவளோடு சேர்ந்து உட்கார்ந்து இதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்ததே என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நொடி எனக்கு அந்த ராட்டினத்தைப் பிடித்திருந்தது.

இவள் எழுந்தாள். தலை கூரையில் இடித்தது. குனிந்தபடியே முந்தானையை எடுத்துக் கண்ணாடியில் அழுத்தினாள். கீழே மைக்கில், பெட்டிக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று குரல் வந்தது. அதற்கு மேல் பாட்டுச் சத்தம்.

அம்மா துண்டை ஆட்டினார், ஆனால் எங்களைப் பார்த்து ஆட்டவில்லை. எங்களுக்கு முன்னால் போன பெட்டியைப் பார்த்து ஆட்டினார். பிறகு கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பெட்டியைப் பார்த்தும் ஆட்டினார். இவள் கண்ணாடியைத் தட்டித் தட்டி "யம்மா, யம்மா" என்றாள். கிளம்பினால் சுற்று முடியும்வரை இந்த மோட்டார் நிற்காது, எங்கள் பெட்டி இறங்கத் தொடங்கியது. அடுத்த பெட்டிக்கும் துண்டு ஆடியது. அதில் யாருமே இல்லை. வெயில் நேராகக் கண்ணாடிகளில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒரே பளபளப்பாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த சுற்றில் துண்டு தோள் உயரத்துக்குத்தான் எழும்பியது. அதற்கடுத்த சுற்றில் அம்மா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார், துண்டு மடியில் கிடந்தது.

இறங்கியதும் நான் ராட்டினக்காரரிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு சுற்று, கதவைத் திறந்து வைத்து ஓட்டுங்கள் என்றேன். அவர் முகம் வாடிப்போனது. "கதவு தெறந்தா மிசின் எடுக்காதுங்க. நீங்களே பாத்தீங்களே. நான் இன்னா பண்றதுங்க, மூடி இல்லன்னா பர்மிசனே இல்ல." இவளைப் பார்க்காமலே சொன்னார். அதே பெட்டியில் மறுபடியும் ஏறினோம். வாசலில் யாரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது.

புளி விற்கும் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். என் மனைவி கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் அருகில் வந்தால் அந்தப் பெண் எழுந்து போய்விடுவாள். "பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தாங்க, கண்ணாடிக்குள்ள இருந்தாங்க, உங்களப் பாத்தாங்கன்னு அம்மாகிட்ட சொல்லிடும்மா" என்றேன். "சொல்றேண்ணா" என்றாள். தள்ளி நின்றவளை ஒருமுறை பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

பஸ்ஸில், சேதி போய்விடும் என்று என் மனைவியிடம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்த வருடத்துக்குள் ஏதாவது வழி பார்க்கலாம், ராட்டினக்காரரிடம் சொல்லி ஒரு பெட்டிக்கு மட்டும் வெள்ளைக் கண்ணாடி போடச் சொல்லலாம், வெளியே ஒரு கொடி கட்டலாம். இப்படி என்னென்னவோ சொன்னேன். நடக்கக்கூடியவைதான் எல்லாம். ஒரு வருடம் கையில் இருக்கிறது என்று நான் எதை நம்பிப் பேசினேனோ தெரியவில்லை.

அந்த ராட்டினத்தைத் திட்ட நான் பல முறை முயன்றிருக்கிறேன். பாதியிலேயே நின்றுவிடும். அந்தப் பழைய கொக்கியை நம்பி இன்னொருவர் வீட்டுப் பிள்ளையை ஏற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. என் மனைவியையே அதில் ஏற்றிவிட்டு, கீழே உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். பத்திரமாகத்தான் இருக்கிறது, இனி அதிலிருந்து யாரும் விழ மாட்டார்கள். அதைச் செய்தவர்கள் நல்லதைத்தான் செய்தார்கள். ஆனாலும் அதன் விளக்குகள் எரிவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டது செய்தவரை மன்னித்துவிடலாம் போல, நல்லது செய்தவரை மன்னிக்க என்னால் முடியவில்லை. ஊர் போட்ட கட்டை விட்டுவிட்டு ஒரு கண்ணாடியோடு மல்லுக்கு நிற்கிறேனே என்றும் சில நாள் தோன்றும். கட்டை உடைக்க என்னால் முடிந்ததா? கண்ணாடியையும் உடைக்க முடியவில்லை.

மழை முடிந்து, பனி முடிந்து, புளி உலுக்கும் காலம் வந்தது. ஒரு நாள் காலையில் அந்தப் புளிக்காரப் பெண் எங்கள் கடைக்கே வந்தாள். நான் உள்ளே ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வந்தவள் என்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்துக் கையைத் துடைத்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் மனைவியின் எதிரில் குந்தினாள்.

"அம்மா கார்த்திகையிலயே போய்ட்டுச்சு. ஒனக்கு யாரும் சொல்லல. எனக்கு மனசு கேக்கல" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஊரார் ஒருத்தர் அவளோடு பேசியது அதுதான் முதல் தடவை.

என் மனைவி அழவில்லை. கடை ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் வந்தேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அன்னிக்கே வூட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பறமும் ரெண்டு மூணு தபா சொன்னேன்."

"இன்னா சொல்லிச்சு?"

அந்தப் பெண் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தாள். சொல்லாமலே போகத் தெருவில் இரண்டு அடி வைத்தவள், திரும்பினாள். மலைக்காரர்களுக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு அவர்களிடம் பிடித்ததே அதுதான். அன்றைக்கு மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"நம்பல. எனக்கு ஆறுதலுக்குத்தானே நீ சொல்றன்னுச்சு. எம்பொண்ணு வந்திருந்தா எனக்குத் தெரியாதான்னுச்சு."