றீற்றாவும் நிக்சனின் கசெற்றும்

கொண்டச்சிக் கிராமத்தில் ஒரு கைக்குழந்தையை எடை பார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. றீற்றாவின் அக்கா டெல்றோஸின் பெயர். தராசில் பிள்ளை கைகாலை உதறிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கித் தாயின் மடியில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டுதான் எடுத்தேன்.

"ஜெசி, அவள் போயிட்டாள்" என்றார் டெல்றோஸ். பின்னால் யாரோ செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது.

இன்று றீற்றாவை நினைத்துக் கூடியிருக்கும் உங்களில் பெரும்பாலானோருக்கு அவள் குடும்பநல மிஸ்ஸி, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் மருத்துவமாது. அரிப்பு என்ற ஊரில் வீடு வீடாகப் போய், "இரும்புக் குளிசை போட்டனீரோ, இல்லை கோழிக்கு எறிஞ்சனீரோ?" என்று கர்ப்பிணிகளை அதட்டியவள். எனக்கும் அதே வேலை, பக்கத்துப் பிரிவில். மாதக் கூட்டங்களில் அருகருகே இருந்து சிநேகிதிகளானோம். ஆனால் அவளுடைய முன்னறை மேசையைப் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். ரீவியில் செருகி விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டிகள் அங்கே வயிறு திறந்து கிடக்கும். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, பழுதாகி, அலுமாரிக்கு மேலே ஏறியவை. கைபேசியில் காணொளி பார்த்துப் பார்த்தே அவற்றைத் திருத்தப் பழகினாள். புதிய தட்டை ரீவியில் படம் தெளிவாக வரும்படி உள்ளே வயர்களை மாற்றினாள். ஒரு பெட்டியை ஓட்டோ பற்றரியில் ஓடவைத்தாள்.

"பிள்ளைப்பேறும் இதும் ஒண்டுதான் ஜெசி. அவசரப்படுத்தினா ரெண்டும் பிழையாப் போயிடும்" என்பாள்.

அவள் திருத்திய முதல் பெட்டி தம்பி நிக்சனுடையது. தாய் தகப்பன் இல்லாமல் அவள் வளர்த்த பிள்ளை அவன். ஒரு நாள் அரிப்பிலிருந்து கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. படகு மட்டும் தெற்கே ஒதுங்கியிருந்தது. எஞ்சின் இருந்தது, வலை இருந்தது, அவன் இல்லை. கடலுக்குப் போவதற்கு முதல்நாள் விளையாடிய விளையாட்டை அவன் ஒரு குகைக்குள் நிறுத்தி வைத்திருந்தான். அவன் பெயரையும் அவன் நின்ற இடத்தையும் பெட்டியில் செருகும் அந்தக் கேம் கசெற் தன் நினைவில் வைத்திருந்தது. அந்த நினைவுக்கு உயிர் கொடுப்பது கசெற்றுக்குள் ஈயத்தால் ஒட்டப்பட்ட ஒரு சின்ன வட்டப் பற்றரி. அது செத்தால் எல்லாம் அழிந்துவிடும்.

எப்போதாவது ஒருநாள் றீற்றா அதைப் போட்டுப் பார்ப்பாள். திரையில் நிக்சன் என்று வரும். குகைக்குள் ஒரு குட்டி உருவம் வாளோடு நிற்கும். ஒரு பொத்தானையும் அமத்தமாட்டாள். பார்த்துவிட்டு நிப்பாட்டிவிடுவாள். மற்றப் பெட்டிகளெல்லாம் இந்த ஒரு பற்றரியை மாற்றப்போகும் நாளுக்கான பயிற்சி என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் பயந்தவள். அவளையும் துணிந்தவள் என்று சொல்ல மாட்டேன். தெருவெல்லாம் மறுபடியும் சோதனைச் சாவடிகள் முளைத்திருந்த காலத்தில் நாங்கள் மன்னாருக்குப் பஸ்ஸில் போனோம். அவளுடைய பையில் ஒரு பெட்டியின் உட்பலகையும் வயர்களும் பற்றரிகளும். ஒரு சாவடியில் பையைத் திறந்த இளம் ஆமிக்காரன் இரண்டடி பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். பஸ்ஸிலிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். எனக்கு ஓடத் தோன்றவில்லை. இருவரும் அந்த இடத்திலேயே முடிந்தோம் என்று நினைத்தேன்.

"செல்லம், செல்லம்" என்றாள் றீற்றா. சிங்களத்தில் விளையாட்டுக்கு அதுதான் சொல். அவளுக்கு வேறு சொல் வரவில்லை. பிறகு மிக மெதுவாகக் குந்தி, பையின் அடியிலிருந்து விளையாடும் கைபிடியை எடுத்து உயர்த்திக் காட்டினாள். உள்ளேயிருந்து வந்த அதிகாரி அதைக் கண்டதும் சிரித்துவிட்டார். தானும் சின்ன வயதில் அதே கைபிடிக்காகத் தம்பியோடு அடிபட்டவராம்.

பஸ் புறப்பட்ட பிறகு அவள் என் கையைப் பிடித்தாள். அவளுடைய உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கும் பயந்தான் ஜெசி. கையை மட்டும் ஆட விடேல்லை" என்றாள்.

அந்தக் கைதான் பிறகு போனது. அவளுக்கு வந்த புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் விரல்கள் மரத்துவிட்டன. சட்டைப் பொத்தானைக்கூடப் பூட்ட முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தாள். இந்த வருடம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுத் தொடங்கியபோது ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"கசெற் பற்றரியை அளந்து பாத்தனான். சாகப்போகுது. நீர்தான் மாத்தித் தரவேணும்."

"ஐயோ, என்னால ஏலாது. வேறை ஆரையும் பிடிப்பம்."

"வேறை ஆருக்கு நிக்சனைத் தெரியும்?"

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதை எடுத்துப் புதியதை ஒட்டவேண்டும். அப்போது நினைவுக்கு வேண்டிய மின்சாரம் பெட்டியிலிருந்து போகும். கரண்ட் நின்றாலும் பெட்டி நிற்காமலிருக்க ஓட்டோ பற்றரியில் கொடுத்தோம். ஈயம் உருக்கும் அயனைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கசெற்றில் தொடவேண்டும். அதிலிருந்து சொட்டு மின்சாரம் கசிந்தாலும் நிக்சன் இல்லை. றீற்றா கட்டிலில் சாய்ந்திருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பழைய பற்றரி கழன்று வந்தது. புதியதன் இரண்டு உலோகக் கால்களில் ஒன்றை ஒட்டிவிட்டேன். மற்றக் காலுக்காக அயனைத் திரும்பவும் செருகினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. ரீவி இருண்டது. பெட்டியின் சிவப்பு வெளிச்சம் மட்டும் எரிந்தது. அதுவும் மங்கிக்கொண்டு வருவதுபோலிருந்தது. ஓட்டோ பற்றரியும் பழையதுதான்.

"றீற்றா, லைற் குறையுது. குறையுதடி!"

எனக்கு அழுகை வந்தது. ஒரு கையால் புதிய பற்றரியைப் பிடித்திருந்தேன், விட்டால் சரிந்துவிடும். அவள் எழும்பினாள். நாட்கணக்காகத் தனியே எழும்பாதவள். அயனை என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனாள். காஸ் அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது. அயனின் நுனியை அவள் நெருப்பில் பிடிக்கிறாள் என்று விளங்கியது. அவளுடைய விரலுக்குச் சூடு தெரியாது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்னால் எழும்பவும் முடியாது.

"கையைப் பாரும்! துணியைச் சுத்தும்!" என்று கத்தினேன்.

அவள் அயனைக் கொண்டுவந்து நீட்டியபோது தோல் கருகும் மணம் வந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. "கெதியா, ஆறமுன்னம்" என்றாள். ஈயம் உருகியது. காலைப் பிடித்தது. நான் மூச்சு விட்டேன்.

முதலில் அவளுடைய கைக்கு மருந்து கட்டினேன். பெருவிரலின் அடியில் கொப்புளம் எழும்பியிருந்தது. பிறகு கரண்ட் வரும்வரை இருவரும் கட்டிலில் இருந்தோம். சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நிக்சன் இருக்கிறானா என்று எங்களுக்குத் தெரியாது. அவ்வளவு பயத்தோடு நான் எந்தப் பிரசவ அறையின் வாசலிலும் நின்றதில்லை. கரண்ட் வந்ததும் பெட்டியை ஒருமுறை நிப்பாட்டித் திரும்பப் போடவேண்டும். அப்போதுதான் புதிய பற்றரி நினைவைத் தாங்குகிறதா என்று தெரியும். சுவிச்சை அமத்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திறவும்" என்றாள். "நிக்கிறான்."

பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். கைபிடியைக் கேட்டு வாங்கினாள். விரல் சொல்வழி கேட்காததால் உள்ளங்கையால் அமத்தினாள். அந்தக் குட்டி உருவம் திரும்பியது. சுவரில் முட்டி, முட்டி, குகையை விட்டு வெளியே வந்தது. காட்டைக் கடந்து ஒரு ஊருக்குள் போனது. ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கே போட்டிருந்த கட்டிலில் படுத்தது. அதன் பிறகுதான் நினைவில் பதித்தாள்.

"இவ்வளவு காலமும் இருட்டுக்குள்ளை நிக்க விட்டிட்டன் ஜெசி. பயத்திலை" என்றாள். "இனி நிப்பாட்டும்."

பெட்டியையும் கசெற்றையும் டெல்றோஸ் என்னிடம் தந்துவிட்டார். நிக்சன் அந்த வீட்டில் படுத்திருக்கிறான். நான் ஒட்டிய ஈயம் ஒரு கட்டிபோல அசிங்கமாக இருக்கிறது. அது எவ்வளவு காலம் தாங்கும் என்ற பயம் இப்போது என்னுடையது. அதைத்தான் அவளிடமிருந்து வாங்கி நான் வைத்திருக்கிறேன்.