வால் நேரான பூனை

வெயிலில் காய்ந்த ரெக்சின் வாடை, அதற்கு மேல் நெத்திலிக் கருவாட்டு வாடை... அப்போதெல்லாம் எங்கள் வேன் கதவைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது இதுதான். என் சிநேகிதிகள் யாரும் ஒரு தடவைக்கு மேல் அதில் ஏறியதில்லை. எனக்கோ அந்த வாடை அடித்தாலே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்ட சந்தோஷம்.

கல்யாணமான புதிது. முத்தையாபுரத்தில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் செல்வத்துக்குத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. வாரம் முழுக்க கன்டெய்னர், ஃபோன், கத்தல். மனுஷன் ஒருநாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். நான் இரண்டு நாள் பேசவில்லை. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு ப்ளைவுட் கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர் கேன் என்று வைத்தார். பின் கண்ணாடியில் இருந்த 'அவசர வழி' என்ற சிவப்பு எழுத்தை மட்டும் எவ்வளவு சுரண்டியும் எடுக்க முடியவில்லை.

அந்த எழுத்துக்குக் கீழேதான் சீனி உட்காருவாள்.

சீனி எங்கள் பூனை. சுத்த வெள்ளை. குட்டியாக இருந்தபோது இதே வேன் கதவில் மாட்டி அவள் வால் நுனி மடங்கிப்போனது. கதவைச் சாத்தியவள் நான்தான். அந்தக் குறுகுறுப்பில்தான் எங்கே போனாலும் அவளையும் கூட்டிப்போக ஆரம்பித்தோம். ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறினால் போதும், 'ம்யா' என்று ஒரு திட்டு விழும்.

"ஒனக்குன்னு தனியாவா ரோடு போட முடியும், மூதி?" என்று செல்வம் திருப்பித் திட்டுவார்.

கிளம்பும்போது ஒரே வழக்கம். கருவாட்டு டப்பாவை மூன்று தடவை குலுக்குவோம். எங்கே இருந்தாலும் ஓடிவந்து கட்டிலுக்கு அடியில் பாய்ந்துவிடுவாள். வெள்ளையாக ஏதோ உள்ளே போனது தெரிந்ததும் கதவை இழுத்துச் சாத்துவேன். குனிந்து பார்த்ததே இல்லை. கடற்கரைப் பக்கம் கருவாட்டு டப்பாவைக் குலுக்கினால் நம் வீட்டுப் பூனை மட்டும்தான் வருமா என்று ஒருநாளும் தோன்றவில்லை பாருங்கள்... அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்!

அன்று தருவைகுளம் தாண்டி, உப்பளத்து ஓரம் ஒரு உடைமரத்தடியில் நிறுத்தினோம். உச்சி வெயில். ஒரு குஞ்சு நடமாட்டம் இல்லை. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். காக்கா சத்தம்கூட இல்லை. தக்காளி சாதம் கிளறிக்கொண்டே பார்த்தேன், தூரத்து அம்பாரத்தின் மேல் சீனி உட்கார்ந்திருந்தாள். தட்டெடுக்கக் குனிந்தால், சக்கரத்துப் பக்கத்தில் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தேன். அம்பாரத்தின் மேலும் வெள்ளையாக ஒன்று... எங்களையே பார்த்துக்கொண்டு.

"என்னங்க, அங்கன பாருங்க. ரெண்டு சீனி."

"வெயில்ல ஒனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. ஏளா, மொதல்ல சோத்தப் போடு."

அவர் திரும்பியபோது அம்பாரத்தின் மேல் ஒன்றுமில்லை.

சாப்பிட்டோம். டப்பாவைக் குலுக்கினோம். வெள்ளையாக ஒன்று பாய்ந்து ஏறியது. கதவைச் சாத்தினேன்.

திரும்பி வரும் வழியில் எத்தனை ஸ்பீட் பிரேக்கர்! ஒன்றுக்கும் உள்ளிருந்து சத்தம் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் இறங்கியதும் அது நேரே அடுக்களைக்குப் போய், சிங்குக்கு அடியில் இருந்த சீனியின் கிண்ணத்தில் தண்ணீர் குடித்தது. கிண்ணம் காலியாகும்வரை குடித்தது. பிறகு சீனியின் தலையணையில் போய்ப் படுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தேன். முதுகு, இடுப்பு, வால்...

வால் நுனிவரை நேராக இருந்தது.

"இது நம்ம சீனி இல்லங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் கதவு திறந்தது.

அந்தப் பூனையையும் தூக்கிப் போட்டுக்கொண்டு உடனே திரும்பிப் போனோம். வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. உப்பு வாரும் அக்கா ஒருத்தி மட்டும் வரப்பில் வந்தாள். அவளிடம் கேட்டேன்.

"இங்கன பூனையே கெடையாதேம்மா. குடிக்க நல்ல தண்ணி ஏது? நாங்களே குடத்துல கொண்டுட்டு வாரோம்."

"மத்தியானம் ரெண்டு பாத்தேங்க்கா. ஒண்ண மாத்தி ஏத்திட்டுப் போயிட்டோம்."

அவள் வேன் கண்ணாடி வழியாக உள்ளே இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப இத இங்கன எறக்கி விட்டுராதிய," என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

மரத்தடி ஈரமண்ணில் எங்கள் டயர் தடம் இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றிச் சின்னப் பாதத் தடங்கள். பிறகு அவை டயர் தடத்தின் மேலேயே, நாங்கள் போன திசையில், தார் ரோடு ஆரம்பிக்கும் இடம்வரை போயிருந்தன. எங்கள் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறாள், பாவி மகள். செல்வம் ரோட்டோரம் குந்திவிட்டார். நான் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே நின்றேன்... கை வலிக்க வலிக்க.

அதற்கப்புறம் எட்டு ஞாயிற்றுக்கிழமை போனோம். சீனி கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பூனை வேனைவிட்டு இறங்காமல், 'அவசர வழி'க்குக் கீழே உட்கார்ந்து பின்னால் போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு வரும்.

ஏழு வருடம் ஓடிவிட்டது. இப்போது வேனில் ஃபேன் இருக்கிறது, சார்ஜிங் பாயின்ட் இருக்கிறது, பின்னால் கேமராகூட இருக்கிறது. அந்தப் பூனையும் இருக்கிறது. பேர் வைக்க எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை, 'பூனை'தான். கருவாட்டு டப்பாவை நான் தொடுவதே இல்லை. கிளம்பும்முன் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் பார்ப்பேன். முதுகு, இடுப்பு, நேரான வால். சரி, இதுதான்... அப்புறம்தான் கதவு.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கைவிட்டேன். முதுகு. இடுப்பு. வால்...

நுனி மடங்கியிருந்தது.

"கதவுல எங்கயாவது மாட்டியிருக்கும். ஏறுளா," என்றார் செல்வம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழு வருடம் கழித்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "சீனி..."

கட்டிலுக்கு அடியிலிருந்து 'ம்யா' என்று ஒரு திட்டு வந்தது.

அன்றைக்குக் குனிந்து பார்க்காமல் சட்டென்று சாத்திய அதே கதவுதான். இந்தத் தடவை கைவிட்டுப் பார்த்துவிட்டேன். இவள் உள்ளே என்றால், அந்த நேர்வால் பூனை எங்கே? சாத்தக் கை வராமல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.