அதே தட்டில் வந்த முட்டைகள்

நீங்கள் பொய் சொன்னீர்கள், ஐயா. தெரிந்தே சொன்னீர்கள். என் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவர் என்பதால் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

நான் கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். கோழிக்கருவில் நரம்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பது என் ஆராய்ச்சி. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கற்றையாகக் கால் பக்கம் வளரும். ஓரிடத்தில் பிரிந்து ஒவ்வொன்றும் தன் தசைக்குப் போகும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பவை செல்களின் மேல் இருக்கும் ஒட்டு மூலக்கூறுகள். அவற்றில் ஒன்றை, அதன்மேல் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்புரதத்தால் மூடினேன். கற்றை பாதி வழியிலேயே அவிழ்ந்தது. இழைகள் தவறான தசைக்குப் போயின. எங்கே பிரிவது என்பதிலும் அந்த மூலக்கூறுக்குப் பங்கு உண்டு என்று எழுதினேன்.

கருத்தரங்கில் என் படத்தைத் திரையில் போட்டீர்கள்.

"வத்தலக்குண்டுல வாங்குன முட்டைங்க இது. மலைப்பாதை பூரா பஸ்ல குலுங்கி வந்திருக்கு. நரம்பு அவுழாம என்ன செய்யும்? பஸ் டிரைவருக்கும் ஒரு டாக்டர் பட்டம் குடுத்துரலாம்!"

அரங்கமே சிரித்தது. அதன்பிறகு ஆய்விதழிலிருந்து என் கட்டுரை திரும்பி வந்தது. சந்தேகம் தீராவிட்டால் ஆய்வறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டது கல்லூரி நிர்வாகம்.

முட்டை பஸ்ஸில் வந்தது உண்மை. ஆனால் அதே தட்டில் வந்த முட்டைகளில் பாதிக்கு எதிர்ப்புரதம் போடவில்லை. அந்த மூலக்கூறில் ஒட்டாத சும்மா ஒரு புரதத்தைத்தான் போட்டேன். அவற்றில் ஒரு கற்றைகூட அவிழவில்லை. அந்தப் படம் என் கட்டுரையில் பக்கத்திலேயே இருந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் காட்டினீர்கள். ஒப்பீடு இல்லாத சோதனையைக் குப்பையில் போடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

பஸ்ஸே ஏறாத முட்டையில் செய்து காட்டுகிறேன் என்று மேல்மலையில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். பூண்டும் உருளையும் போடும் ஊர். வீட்டுக்கு வீடு சேவலும் பெட்டையும் உண்டு. முட்டையைக் கையில் பொத்தி நடந்தே கொண்டுவரலாம் என்பது என் கணக்கு. போன அன்று திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். வருசக்கணக்கில் திருவிழாவுக்குப் போகாதவளுக்கு அது எப்படித் தெரியும்?

"காப்புக் கட்டுன பெறகு கோழி, முட்டை எதுவும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாதுத்தா," என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

"என் சோலியே போயிரும் அத்தை."

"அதுக்கு? ஒன் மெசினத் தூக்கிட்டு இங்க வா. முட்டை எங்கயும் வராது."

அம்மா முறைத்தாள். "காப்பு அவுக்கிற வரைக்கும் உசுரு எதையும் எடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

ஒத்துக்கொண்டேன். அடைகாக்கும் பெட்டியையும் பேட்டரியையும் ஜீப்பில் ஏற்றிவந்து, பூண்டு கட்டித் தொங்கவிட்டிருந்த அறையில் வைத்தேன். கோழி இட்ட முட்டையைக் கூடையிலிருந்து எடுத்து நான்கு வீடு தாண்டிக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். கரு வளர்ந்து ஊசி போடும் நாள் வந்ததும் ஓட்டில் சின்னதாகச் சன்னல் வெட்டி ஊசி போட்டு டேப் ஒட்டினேன். எதில் எந்த மருந்து என்று எனக்கே தெரியக் கூடாது என்பதற்காகக் குப்பிகளில் அடையாளம் போடும் வேலையைக் கல்லூரியில் இன்னொரு ஆசிரியரிடம் விட்டிருந்தேன்.

அத்தை தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். "கோழி அடையில ஒக்காரும், பாத்திருக்கேன். டாக்டரம்மா ஒக்காந்து இப்பத்தான் பாக்குறேன். கொத்திப்புடாதத்தா!"

காப்பு அவிழ்த்த அன்று ஊரே கிடா வெட்டப் போனது. அதன் பிறகுதான் நான் முட்டைகளை உடைத்தேன். கருக்களைப் பதப்படுத்திக் கல்லூரிக்கு எடுத்துவந்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒவ்வொரு கருவிலும் கற்றை அவிழ்ந்ததா இல்லையா என்று எழுதி முடித்த பிறகே குப்பிகளின் அடையாளத்தைக் கேட்டேன். எதிர்ப்புரதம் போனவை அவிழ்ந்திருந்தன. மற்றவை அவிழவில்லை. அவிழ்ந்த இழைகள் போய்ச் சேர்ந்த தவறான தசையும் முன்பு பார்த்ததேதான்.

எல்லாப் படங்களையும் உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் எனக்குப் பதில் எழுதவில்லை. "திருவிழாவுல செஞ்ச ஆராய்ச்சியெல்லாம் படிக்க எனக்கு நேரம் இல்லப்பா" என்று இன்னொருவரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நேரம் இல்லாதவர் என் வேலையைக் கெடுக்க மட்டும் எப்படி நேரம் ஒதுக்கினீர்கள்?

தனியாகக் கூப்பிட்டுத் தோளில் தட்டிச் சமாதானம் பேசும் வேலை வேண்டாம். நான் வரமாட்டேன். அன்று காட்டிய படத்தையும் வெட்டிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். குலுக்கல்தான் காரணம் என்றால் எதிர்ப்புரதம் போடாத கருக்களில் கற்றை ஏன் அவிழவில்லை? எதற்காக அந்தப் படத்தை வெட்டினீர்கள்? என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் கேட்கும்படி, மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்.